பக்கத்து வீட்டுப் புகை

"சந்தோஷமா இருக்கறவங்ககிட்ட ஒரு கெட்ட சேதி சொல்லணும்னு வச்சுக்கோ. சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லணுமா, சாப்பிட்டு முடிச்ச அப்புறமா?"

எங்கள் வீட்டுச் சமையலறையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அத்தை இதைக் கேட்டாள். எனக்கு அப்போது பதினாலு வயது. ஏதோ விடுகதை என்று நினைத்து, "தெரியல அத்தை, விடையையும் நீங்களே சொல்லிடுங்க" என்றேன். அத்தை ஏற்கெனவே துடைத்த தட்டையே எடுத்து மறுபடியும் துடைத்தாள்.

இப்போது பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவள் என்ன கேட்டாள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. பிறகு அவளே சொன்னதையும், அப்பா சொன்னதையும், கதவுக்கு அந்தப் பக்கம் காதில் விழுந்ததையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இது அத்தையின் கதை. இனி முடிவுவரை நான் குறுக்கே வரமாட்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. வானியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. இதைச் சொன்னதும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அப்போ ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே இருப்பீங்களா?" அத்தை காலை ஒன்பதரைக்குப் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறவள். தொலைநோக்கிகள் எங்கோ பாலைவனத்திலும் மலையுச்சியிலும் பூமிக்கு வெளியிலும் இருக்கின்றன. அவை எடுக்கும் படங்கள் இவள் கணினிக்கு வந்து சேரும். அவளுடைய அறை இரண்டாவது மாடியில். ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் ஏசி இயந்திரங்களின் முதுகு தெரியும். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று அதற்கும் திரைச்சீலை. "வானத்தைப் படிக்கிற ஆபீஸ்ல வானமே தெரியாத ரூம் எங்களோடதுதான்" என்பாள்.

அவள் படித்தது தூசி. அலமாரிமேல் படியும் தூசி அல்ல. நட்சத்திரங்கள் சாகும்போது ஊதிவிடும் கரியும் மணலும், அடுப்புப் புகையைவிட நுண்மையாக, விண்மீன் மண்டலங்களுக்குள் மிதந்துகொண்டிருக்கும். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'தூசி'. பக்கத்து நாற்காலிக்காரி படித்தது வாயு. நட்சத்திரம் பிறப்பதற்கு மூலப்பொருளான குளிர்ந்த வாயு. அவள் பெயர் 'வாயு'. கீழ்த்தளத்து நூலகர் தினமும் படியேறும்போது அத்தையைப் பார்த்து, "இன்னிக்கு வாயுத் தொல்லை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். "மருந்தே கிடையாது சார்" என்பாள் அத்தை. அந்த வாயுதான் என் அம்மா.

இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரு விடுமுறைக்கு அத்தை தன் தோழியை வீட்டுக்கு அழைத்துவந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மூன்று நாளும் அவன் ஏதாவது ஒரு சாக்கு வைத்து மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கியதில், வீட்டில் இல்லாத லிஃப்டுக்கு எல்லோரும் சேர்ந்து ஏங்கினார்கள். அடுத்த வருடம் தோழி அண்ணியானாள். அன்றிலிருந்து அத்தைக்கு இரண்டு மொழி. அலுவலகத்தில் "வாடி, போடி". வீட்டில் பெரியவர்கள் முன்னால் "அண்ணி, உக்காருங்க". சில நாள் இரண்டும் குழம்பி, "அண்ணி, சும்மா இருடி" என்று வந்துவிடும்.

இந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு முள் இருந்தது. அத்தைக்கு நிரந்தர வேலை. அண்ணிக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். நித்திய கண்டம், பூரண ஆயுசு. நிரந்தர இடம் ஒன்று காலியானபோது நேர்காணல் வைத்த வாரமும், அண்ணிக்குக் குழந்தை பிறந்த வாரமும் ஒன்றாகப்போயின. அத்தை மட்டும் போனாள், கிடைத்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே அண்ணி, "ஊர்ல நாத்தனார் கொடுமை அடுப்படியில நடக்கும். இங்க ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு" என்று சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து பதினான்கு வருடம், அந்த நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை என்று அத்தை சொல்வாள். அண்ணிக்கு ஓர் இடம் வாங்கித் தருவது தன் தலைமேல் உள்ள பொறுப்பு என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

அந்த இடத்தைத் தரப்போகிறவராக வந்து சேர்ந்தார் 'பெரியவர்'.

பெரியவர் என்று இவர்கள் பெயர் வைத்தது ஒரு விண்மீன் மண்டலத்துக்கு. அதன் ஒளி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்து சேர்ந்தது. படத்தில் பார்த்தால் ஒரு மிளகு அளவு சிவப்புப் பொட்டு. புதிதாகப் பிறக்கும் பெரிய நட்சத்திரங்கள் நீலமாக எரியும். சீக்கிரமே செத்தும் போகும். வாயு தீர்ந்து பிறப்பு நின்றுபோன மண்டலத்தில் பழைய சிவந்த நட்சத்திரங்கள்தான் மிஞ்சும். அதை இவர்கள் 'செத்த மண்டலம்' என்பார்கள். பிரபஞ்சம் இளமையாக இருந்த காலத்திலேயே இவ்வளவு பெரிய மண்டலம் ஒன்று எப்படிச் செத்தது? இருவரும் சேர்ந்து அதைத்தான் எழுதினார்கள். அந்தக் கட்டுரை பல நாடுகளில் பேசப்பட்டது. அண்ணியை மூன்று இடங்களுக்குப் பேச அழைத்தார்கள். முதல் பெயர் அவளுடையது. அத்தை பிடிவாதமாக அப்படிப் போடவைத்தாள்.

ஆனால் சிவப்புக்கு இரண்டு காரணம் உண்டு. மாலைச் சூரியன் தூசி வழியாக வரும்போது சிவக்கிறதே, அதுபோல உயிரோடு இருக்கும் மண்டலமும் தன் தூசிக்குப் பின்னால் மறைந்துகொண்டால் சிவப்பாகத்தான் தெரியும். கிழடும் சிவப்பு, போர்த்திக்கொண்டதும் சிவப்பு. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. உள்ளே நட்சத்திரம் பிறந்தால் தூசி சூடாகும். சூடான தூசி கண்ணுக்குத் தெரியாத ஒளியில் மினுங்கும். அதைப் பெரிய தட்டுபோன்ற தொலைநோக்கியால் பிடிக்கலாம். "நெருப்பில்லாம புகையாது. எங்க தொழிலே அவ்வளவுதான்" என்பாள் அத்தை.

பெரியவர் இருந்த இடத்தில் புகை இருந்தது. சிக்கல் அதுதான். அந்தத் தட்டுக்குப் பார்வை மங்கல். படத்தில் அந்த மினுங்கல் கண்ணாடி போடாதவர் பார்த்த விளக்குபோலப் பரந்து கிடந்தது. பெரியவரையும் மூடியது, பெரியவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நீல மண்டலத்தையும் மூடியது. புகை யார் வீட்டுடையது?

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கேடி. உறுதியா சொல்ல முடியுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"அந்த நீலம் துடிப்பா இருக்கு பாரு. அதுலதான் நட்சத்திரம் பிறக்குது. இது பக்கத்து வீட்டுப் புகை."

"எனக்கென்னமோ..."

"தூசி யார் டிபார்ட்மெண்ட்? உன்னோடதா, என்னோடதா?"

அண்ணி கைகளைத் தூக்கி, "சரி தாயே" என்றாள். அத்தை அட்டவணையில் பெரியவருக்கு எதிரே 'ப' என்று ஓர் எழுத்தைத் தட்டினாள். பக்கத்து வீடு. அவர்கள் அட்டவணையில் அதற்கு முன்பும் நாற்பது, ஐம்பது 'ப' இருந்தன. தூசி இருக்கும் இடத்தில்தான் வாயுவும் இருக்கும். ஆகவே அண்ணி அளந்த வாயு மொத்தமும், அந்த ஓர் எழுத்தை நம்பி, பக்கத்து வீட்டுக் கணக்கில் போனது. பெரியவரிடம் வாயு இல்லை, ஆகவே பிறப்பு இல்லை, ஆகவே அவர் இறந்துவிட்டார்.

மூன்று வருடம் கழித்து, நிறுவனத்தில் ஒரு நிரந்தர இடம் வந்தது. நேர்காணல் முடிந்தது. தேர்வுக்குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "பெரியவரே உனக்கு வேலை வாங்கிக் கொடுத்துட்டார்மா. புதன்கிழமை கையெழுத்து." ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து என்று அண்ணன் அறிவித்தான்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அத்தை எப்போதோ கேட்டிருந்த படம் வந்தது. பாலைவனத்தில் டஜன்கணக்கான தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து எடுத்த கூர்மையான படம். பெரியவர் செத்தவர்தான் என்று இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம் என்றுதான் அதைக் கேட்டிருந்தாள். அண்ணி பயிலரங்கு ஒன்றுக்காக வெளியே போயிருந்தாள். அத்தை தனியாக அந்தப் படத்தைப் பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள்.

நீல மண்டலத்தின்மேல் ஒன்றும் இல்லை. வெறும் இருட்டு. மினுங்கல் முழுவதும் பெரியவரின் நட்ட நடுவில் இருந்தது.

படத்தின் திசை தவறாக இருக்கலாம் என்று அளவுகளைச் சரிபார்த்தாள். மறுபடி தயாரித்தாள். இடம் ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த வேறு மூன்று புள்ளிகளை வைத்துப் பொருத்திப் பார்த்தாள். மூன்றும் துல்லியமாக உட்கார்ந்தன. இருபது வருட வேலையில் முதல் தடவையாக, தன் கணக்கில் ஒரு பிழை இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிழை இருந்தது, ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால். அண்ணி அளந்த எண் சரி. விலாசம்தான் தப்பு. விலாசம் எழுதியவள் இவள்.

பெரியவர் சாகவில்லை. போர்த்திக்கொண்டு, உள்ளே வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு விருந்தில் அண்ணன் எல்லோருக்கும் தானே பரிமாறினான். "இனிமே என் பொண்டாட்டி பர்மனென்ட். என்னோட வேலைதான் ஏத்த இறக்கமா இருக்கும்" என்றான். அண்ணி, "பர்மனென்ட் ஆனதும் முதல்ல இவரைத்தான் மாத்தப்போறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "என்னடி, என் வேலைக்கு நீ அழறியா?" என்று அண்ணி அவள் முதுகில் தட்டினாள். பெரியவர்கள் முன்னால் வந்துவிட்ட அந்த 'டி'க்கும் சேர்த்து ஒரு சிரிப்பு எழுந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னாள். மொட்டைமாடியில், துணிக்கொடிக்கு அடியில், இரண்டு பேர் மட்டும். கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். அண்ணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நிமிடம் பார்த்தாள்; விரலால் பெரிதாக்கினாள்; திரும்பவும் சின்னதாக்கினாள்.

"நம்ம வீட்டுப் புகை" என்றாள்.

"என் தப்புடி. நீ அன்னிக்கே கேட்ட."

"கேட்டேன்." அண்ணி கொடியில் காய்ந்த ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். "இந்தப் படம் வேற யாருக்குத் தெரியும்?"

"கேட்டு வாங்கினவங்களுக்குத்தானே முதல் உரிமை. ஒரு வருஷத்துக்கு நமக்கு மட்டும்தான்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்கச் சொல்லல. புதன்கிழமை வரைக்கும் வாயத் திறக்காத. கையெழுத்தாகட்டும். வியாழக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லுவோம், தப்பாயிடுச்சுன்னு. பதினாலு வருஷத்துல மூணு நாள்டி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதானே என்று அத்தையின் ஒரு மனம் சொன்னது. மருத்துவமனைக் கட்டிலில் சிரித்த முகத்தை இன்னொரு மனம் காட்டியது.

"சரி" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் 'சரி'யை அவள் உண்மையாகத்தான் சொன்னாள். இதை அத்தை பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். திங்கள் முழுவதும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். நூலகர் வாயுத் தொல்லை பற்றிக் கேட்டபோதுகூட வழக்கமான பதிலைச் சொன்னாள்.

செவ்வாய் காலை பதினொன்றுக்கு இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் குழுவின் கோப்பு திறந்திருந்தது. அவர் நல்ல மனிதர்; சிரித்தபடிதான் பேசினார். "உக்காரும்மா. நாளைக்குக் கையெழுத்துப் போடணும். குழுவுல ஒருத்தர் சின்னதா ஒரு சந்தேகம் கேட்டார். அந்தப் பெரியவர் தூசியால சிவந்திருக்கலாம் இல்லையான்னு. தூசின்னா நீதானே. ஒரு வரி சொல்லிடு, நான் எழுதிக்கறேன். உறுதிதானே?"

வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளிடம், வாயைத் திறந்து பொய் சொல்லச் சொன்னதுபோல ஆகிவிட்டது. பேசாமல் இருந்தாலும் அதுவே பதில். இயக்குநரின் பேனா தாள்மேல் காத்திருந்தது. 'உறுதிதான் சார்' என்ற இரண்டு சொற்கள் வாய்வரை வந்தன. தூசியைப் பற்றி இவள் ஒரு வரி சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிச் சொன்ன ஒரு வரிதான் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"இல்ல சார்" என்றாள். "வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்துச்சு. அவர் உயிரோடதான் இருக்கார். தப்பு என்னோடது. முழுக்க என்னோடது. அவ அளந்ததுல ஒரு பிழையும் கிடையாது."

இயக்குநர் பேனாவை மூடினார். "கட்டுரையில முதல் பேர் அவங்களோடதும்மா" என்றார், மிக மெதுவாக.

இடம் வேறொருவருக்குப் போனது. அண்ணியின் அந்த வருட ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அத்தை அறைக்குத் திரும்பியபோதே அண்ணிக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, அத்தையை நேராகப் பார்த்தாள்.

"அவர் நேராக் கேட்டுட்டார்டி. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க சொன்னது தப்பில்ல" என்றாள் அண்ணி.

நீங்க. அத்தைக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. அண்ணி சொன்னதை அவள் பிறகு ஒவ்வொரு சொல்லாகத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

"நீங்க உண்மையச் சொன்னீங்க. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா மாடியில எங்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், அப்புறம் நானே வந்து சார்கிட்டச் சொல்லியிருப்பேன். என் வாயால சொல்லியிருப்பேன். சரின்னு சத்தியம் பண்ணிட்டு, அவர் ரூமுக்கு வெளியில வந்து எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல. சார் நம்ம கட்டுரையக் கேட்டுக் கீழ ஆள் அனுப்பினாராம், நூலகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அது உண்மை. அத்தை இயக்குநர் அறையிலிருந்து வெளியே வந்து, மாடிப்படி வளைவில் இருபது நிமிடம் நின்றுகொண்டிருந்தாள். அந்த இருபது நிமிடத்துக்காக மட்டும் அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பழைய கட்டுரையைத் திரும்பப் பெற இருவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அண்ணி ஒரு காலை வந்து, நின்றபடியே கையெழுத்திட்டு, தன் குவளையையும் காலணியையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். இப்போது மருந்துகளைச் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை. எந்த அறையில் எத்தனை டிகிரி என்று பார்த்துப் பதிவது. அண்ணன் வீட்டுப் பக்கம் அத்தை வருவதில்லை. அண்ணன் வாரம் ஒருமுறை தங்கையைப் போய்ப் பார்க்கிறான். "நடு மாடியில நின்னுபோன லிஃப்ட் மாதிரி இருக்கேன். மேலயும் போகல, கீழயும் வரல. ஊர் லிஃப்டெல்லாம் சரிபண்றேன்" என்று அவளிடம் ஒருநாள் சொல்லிவிட்டு, அவன்தான் அழுதான்.

நான்கு வருடம் ஆகிறது. பெரியவரைப் பற்றிய புதிய கட்டுரையை அத்தை எழுதிவைத்திருக்கிறாள். தூசி எவ்வளவு, எவ்வளவு சூடு, உள்ளே பிறப்பு என்ன வேகம், எல்லாம் இருக்கிறது. நான்காம் பகுதிக்குத் தலைப்பு மட்டும் இருக்கிறது: வாயு. கீழே வெற்றிடம். பெரியவரிடம் எவ்வளவு வாயு மிச்சம், இன்னும் எத்தனை காலம் நட்சத்திரம் பெறுவார் என்பது அங்கே வரவேண்டும். அத்தை உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். எழுதவில்லை. "அது அவ அளந்த எண். விலாசத்தை மட்டும் மாத்தினா போதும். அவ மாத்தட்டும்" என்கிறாள். வேறொரு நாட்டுக் குழு இதே மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் முந்திக்கொண்டால் நான்கு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். அது அத்தைக்குத் தெரியும். அண்ணிக்கு அனுப்பிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. ஆறாவது கடிதத்துக்குப் பிறகு அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கட்டுரையைத் திறந்து பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இதை நான் அம்மாவிடம் நேராகக் கொடுத்தால் வாங்கமாட்டாள். அத்தையின் பெயர் எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். மேசைமேல் வைத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. உறவு என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவர் கையிலிருந்து போனால், ஒருவேளை இரண்டு வரியாவது படிப்பாள். அதனால் இதைப் படித்தவர்கள் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, கிடங்குகளில் வேலை பார்ப்பவர்களுக்கு, யாருக்கு வேண்டுமானாலும். யாரைப் பற்றியது என்று நான் எழுதவில்லை. அவள் கைக்குப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து போய்ச் சேரும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள்.